அண்ணன் காதுக்கு மட்டும்

அக்பர் அலி கீபோர்டு வாசிப்பதை அவர் மனைவி ஜன்னத் இருபத்தெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் வீட்டில் வைத்து ஒரு ஸ்வரம்கூட அவர் காதில் விழுந்ததில்லை. கோயமுத்தூர் கோட்டைமேட்டில் அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பொதுச்சுவர். பக்கத்து வீட்டில் யாராவது இருமினால் இங்கிருந்து தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கத் தோன்றும். அப்படிப்பட்ட இடத்தில் பாட்டுப் பயிற்சிக்கு ஹெட்ஃபோனை விட்டால் வேறு கதி ஏது? அதன் ஜாக்கைச் சொருகியதும் கீபோர்டின் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். பாட்டெல்லாம் அக்பர் அலியின் இரண்டு காதுக்குள்ளேயே ஓடும். அறைக்குள் கேட்பது, விரல் பட்டு இறங்கி ஏறும் கீகளின் டொக் டொக் சத்தம் மட்டும்தான். அந்த டொக் டொக்கை வைத்தே என்ன பாட்டு என்று அடுப்படியிலிருந்து சொல்லிவிடுவார் ஜன்னத். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டு, இவர் தப்பாக வாசித்தது என்பது அந்த அம்மாளின் கட்சி.

அக்பர் அலிக்கு ஐம்பத்து நாலு வயது. பகலில் டவுன்ஹால் பக்கம் பைகளுக்கு ஜிப் மாற்றித் தைத்துக் கொடுக்கும், ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய கடை. முகூர்த்த நாட்களில் பாலகோபால் இன்னிசைக் குழுவின் கீபோர்டு. தைக்கிற கை சும்மா இருக்காது என்பதால், தன் ஒயர்களுக்கெல்லாம் மிச்சத் துணியில் உறை தைத்து மாட்டியிருந்தார். மண்டபத்து ஸ்பீக்கருக்குச் சத்தம் கொண்டுபோகும் ஒயருக்குச் சிவப்பு உறை. ஹெட்ஃபோனுக்கு நீலம். குழுவில் இதற்காக அவரைக் கிண்டலடிக்காதவர்கள் இல்லை. ஆனால் மேடையில் ஒயர் சிக்கிக்கொண்டால் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

பச்சை உறை போட்ட ஒயர் ஒன்று பின்னால்தான் வந்து சேர்ந்தது. இந்தக் கதையே அதைப் பற்றியதுதான்.

பாலகோபால்தான் குழுவின் தலைவர், பாடகர், மில் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்து நாலு வயது. நல்ல மனிதர், ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். பழைய பாட்டை ரெக்கார்டில் எந்தச் சுருதியில் பாடியிருக்கிறார்களோ அதே சுருதியில்தான் பாடுவார். வயதாகிறதே, அரைக்கட்டை இறக்கிக்கொள்ளலாம் என்று யாராவது ஜாடையாகச் சொன்னாலே முகம் மாறிவிடும். "எறக்கிப் பாடறதுக்கு ஊட்லயே போர்வையப் போத்திப் படுத்துக்கலாமுங்க" என்பார்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் சூலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பாலகோபால் சரணத்தில் மேலே ஏறவேண்டிய இடம். குரல் ஏறியது, ஆனால் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு ஒரு நூல் கீழேயே நின்றுவிட்டது. இழுத்துப் பிடித்த ஸ்வரம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. முன்வரிசையில் இருந்த இளவட்டங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தன் போனைத் தூக்கி வீடியோ எடுத்தான். பாலகோபாலுக்கு எதுவும் தெரியவில்லை. குரல் தளர்ந்ததோடு காதும் மந்தமாகி வந்ததால், தான் இறங்கிப் பாடுவது அவருக்கே கேட்கவில்லை. அவர்கள் ரசித்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, பதிலுக்கு அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க மாட்டாமல் அக்பர் அலி கீகளைக் குனிந்து பார்த்தார்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று நாம் சுலபமாகக் கேட்டுவிடலாம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஈரோட்டில் நடந்தது நமக்குத் தெரியாதல்லவா. அன்றைக்கு அக்பர் அலியின் பழைய கீபோர்டு நடுப்பாட்டில் உயிரை விட்டது. கூட்டம் ஊளையிடத் தொடங்கியபோது பாலகோபால் மைக்கைப் பிடித்து, "அடுத்த நாலு பாட்டு தபேலாவோட மட்டும்தானுங்க, அப்பிடித்தான் முடிவு பண்ணி வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நாலு பாட்டையும் பாடி முடித்தார். அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவர் பேசியதில்லை. அப்படிப்பட்ட மனிதரிடம் போய், அண்ணா உங்கள் சுருதி போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? அக்பர் அலிக்கு அந்த வாய் இல்லை.

வாய் இல்லாத இடத்தில் கை வேலை செய்தது. அவருடைய இப்போதைய கீபோர்டுக்குப் பின்னால் வரிசையாக ஓட்டைகள் உண்டு. முதல் ஜோடி மெயின் அவுட், அதாவது மண்டபத்துக்குப் போகும் வாசல். அடுத்த ஜோடி சப் அவுட் என்கிற கொல்லைவாசல். எந்த வாத்தியச் சத்தம் எந்த வாசல் வழியாகப் போகவேண்டும் என்று உள்ளே மெனுவில் நாமே சொல்லிவைக்கலாம். வாசிப்பவர்களில் பாதிப்பேர் அந்தக் கொல்லைவாசலில் படிந்த தூசியைத் துடைப்பதோடு சரி. அக்பர் அலி இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து மெனுவைக் குடைந்தார். இடது கை வாசிக்கும் வயலின் கூட்டமும் தாளமும் எப்போதும்போல மண்டபத்துக்கு. வலது கை வாசிக்கும் புல்லாங்குழல் மட்டும் சப் அவுட்டுக்கு. தன் ஹெட்ஃபோனில் இரண்டும் சேர்ந்து கேட்கும்படி வைத்துக்கொண்டார்.

மேடைச் சத்தத்தில் தன் குரல் கேட்கவில்லை என்று பாலகோபால் ஏற்கெனவே காதுக்குள் இயர்ஃபோன் மாட்டித்தான் பாடிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் அதற்கென ஒரு சின்னப் பெட்டி இருக்கும். சவுண்டு சர்வீஸ் பாலுசாமியின் மிக்ஸரிலிருந்து வரும் ஒயர் அதில் ஒரு ஓட்டையை அடைத்திருக்கும். இன்னொரு ஓட்டை காலி. பச்சை உறை போட்ட ஒயர் சப் அவுட்டில் கிளம்பி நேராக அந்தக் காலி ஓட்டைக்குப் போனது. "என்ன பாய் இது, புது கலரு?" என்று பாலுசாமி கேட்டபோது, "அண்ணனுக்குக் கீபோர்டு சத்தம் சித்த எச்சா வேணுமாம்" என்று சொல்லிவைத்தார் அக்பர் அலி. பொய்தான். சின்னப் பொய் என்று அப்போது நினைத்தார்.

அதற்குப் பிறகு பாலகோபால் வழுக்கவில்லை. அவர் மூச்சை இழுப்பதற்குள் புல்லாங்குழல் அடுத்த ஸ்வரத்தில் போய் நின்றுகொண்டு அவரைக் கூப்பிடும். அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார். அவர் தளரும் இடத்தில் அக்பர் அலி கொஞ்சம் அழுத்தி வாசிப்பார், தேறிய இடத்தில் விலகிக்கொள்வார். அக்பர் அலி தன் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. மண்டபத்தில் ஐந்நூறு பேர் இருப்பார்கள், அதைக் கேட்பது ஒரே ஒருவர்.

அந்த ஒருவரோ வேனில் திரும்பும்போதெல்லாம் விடமாட்டார். "அக்பரு, இன்னிக்குப் புல்லாங்குழலுல அழுகவே வெச்சுப்போட்டே போ. சனமே அசந்துபோச்சு!"

"நீங்க பாடுனதுக்குத்தானுங்ணா" என்பார் இவர். சந்தோஷமாகவும் இருக்கும், உள்ளே ஏதோ குத்தவும் குத்தும்.

வீட்டில் ஜன்னத் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். "பாட்டுக்காரர் பாடற எடத்துல எல்லாம் உங்க வலது கை சும்மாத்தான இருக்கும்? இப்ப அங்கயும் டொக்கு டொக்குங்குதே, என்ன சங்கதி?" அக்பர் அலி மறைக்க முடியாமல் சொல்லிவிட்டார். "நல்ல காரியந்தானுங்க. ஆனா யாருக்கும் தெரியாம செய்யற நல்ல காரியம் என்னிக்காச்சும் ஒருநாள் வம்புல கொண்டுபோய் நிறுத்தும்" என்றார் ஜன்னத்.

வம்பு வெள்ளகோவிலிலிருந்து வந்தது. அங்கே பாடிய ஒரு வரவேற்பின் வீடியோவைப் பெண் வீட்டார் ஆசையாசையாக பாலகோபாலுக்கு அனுப்பிவைத்தார்கள். சிங்காநல்லூரில் அவர் வீட்டு மாடிதான் குழுவின் ஒத்திகை இடம். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் உட்காரவைத்து, டிவியில் அந்த வீடியோவைப் போட்டார். "அக்பரோட வாசிப்ப மட்டும் கேளுங்க" என்று முன்னுரை வேறு.

பாட்டு ஓடியது. பாலகோபால் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் காதை வைத்தார்.

"ஏம்ப்பா பாலு, புல்லாங்குழல எங்க கொண்டுபோய் ஒளிச்சு வெச்சே?"

பாலுசாமி விழித்தார். சூலூர்க்காரர், நாற்பது வயது, தன் சவுண்டு பெட்டிகளைத் தாங்கித் தாங்கித் தூக்குகிறவர். "எந்தப் புல்லாங்குழலுங்ணா? என்ற மிக்ஸர் போர்டுக்கு அப்பிடியொரு சத்தமே வரலீங்களே."

"அப்ப என்ற காதுக்குள்ள வாசிச்சது பேயா?"

"சத்தியமா வரலீங்ணா. கீபோர்டுல வந்தத முச்சூடும் ஏத்தித்தான் வெச்சிருந்தேன்."

"பொய் பேசாத. ஒரு மனுசன் உசுரக் குடுத்து வாசிச்சிருக்கறான், நீ அத அமுக்கிப்போட்டு உக்காந்திருக்கறே. அவன் வாயில்லாப்பூச்சி, கேக்க மாட்டான். நான் கேப்பேன்." பாலகோபாலுக்கு வந்த அத்தனை கோபமும் அக்பர் அலிக்காக. அதுதான் கொடுமை.

பாலுசாமி திரும்பினார். "பாய், நீங்களாவது சொல்லுங்."

அக்பர் அலி குனிந்து, கீழே எதையோ தேடுவதுபோல ஒயர்ப் பைக்குள் கையை விட்டார். நிமிரும்போது பாலகோபால் தீர்ப்பே சொல்லி முடித்திருந்தார். "ஒத்துக்கிட்ட ஈரோட்டுக் கல்யாணத்த மட்டும் முடிச்சுக் குடுத்துரு. தை மாசத்துக்கு நான் வேற சவுண்டு சர்வீஸ் பாத்துக்கறேன்."

தை மாதம் முழுக்க பாலகோபால் குழுவை நம்பித்தான் பாலுசாமி வேறு யாருக்கும் தேதி கொடுக்காமல் வைத்திருந்தார். படியில் இறங்கும்போது செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

அன்று மத்தியானம் அக்பர் அலிக்குச் சோறு இறங்கவில்லை. நடந்ததைச் சொன்னதும் ஜன்னத் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"நீங்க எதுவுமே சொல்லலியா?"

"எப்பிடிச் சொல்றது? சொன்னா அண்ணன் ஒடைஞ்சுபோவாரு. பதினாலு மாசமா அவரு பாடலை, நான்தான் தூக்கிவிட்டேன்னு ஆயிடாதா?"

"அவருக்குக் காது கேக்கலைன்னு மறைச்சீங்க, சரி. பாலுசாமிக்குக் காது நல்லாத்தான கேக்குது? புல்லாங்குழல் வரலைன்னு அந்தாளு சொன்னது நெசம். நெசத்தைச் சொன்னதுக்குப் பொழப்பு போறது, அல்லாவுக்கு அடுக்குமா?"

சாயங்காலம் அக்பர் அலி கீபோர்டு முன்னால் உட்கார்ந்தார், ஹெட்ஃபோனை எடுத்துக் கழுத்தில் போட்டார். வாசிக்கவில்லை. அடுப்படியில் டொக் டொக் கேட்கக் காத்திருந்த ஜன்னத் கடைசியில் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

ஈரோட்டு மண்டபத்தில் மேடை கட்டி முடிக்க மணி நாலாகிவிட்டது. விருந்தாளிகள் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பாலுசாமி யாரிடமும் முகம் கொடுக்காமல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அக்பர் அலி பின்கட்டில் அஸர் தொழுதுவிட்டு வந்தார். பாலகோபால் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, சித்த அத காதுல இருந்து கழட்டிப்போட்டு, நடு மண்டபத்துல போயி நில்லுங்."

"எதுக்கு?"

"நான் வாசிக்கறது கேக்குதான்னு பாருங்ணா."

பாலகோபால் பாலுசாமி பக்கம் முறைத்துவிட்டு, இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்கிற வேகத்தில் இறங்கிப்போனார். காலி நாற்காலிகளுக்கு நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றார். அக்பர் அலி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் சரணத்தைத் தொடங்கினார்.

விரல்கள் ஓடின. மண்டபத்தில் டொக் டொக் என்ற சத்தம் மட்டும் கேட்டது.

"வரலியே! பாலு, மிக்ஸரத் தொறந்துதான் வெச்சிருக்கறயா?"

"தொறந்துதானுங்ணா இருக்குது" என்றார் பாலுசாமி, திரும்பாமலே.

"இப்ப மேல வந்து இயர்ஃபோன மாட்டுங்ணா" என்றார் அக்பர் அலி. விரல்களை நிறுத்தவில்லை.

பாலகோபால் வந்தார், மாட்டினார். புல்லாங்குழல் காதுக்குள் பொழிந்தது. கழற்றினார், டொக் டொக். மாட்டினார், புல்லாங்குழல். மூன்றாவது தடவை கழற்றியபோது அவர் கண் கீபோர்டின் முதுகிலிருந்து கிளம்பும் பச்சை உறையைப் பிடித்துக்கொண்டது. அதன் மேலேயே பார்வையை ஓட்டி ஓட்டி, தன் காலடிப் பெட்டிவரை வந்தார். ஒயரில் சிக்கெடுக்கத் தெரியாத மனிதர்தான். ஆனால் அன்றைக்கு அது எங்கே போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"எத்தன நாளா?"

"சூலூர் கல்யாணத்துக்குப் பொறகு இருந்துங்ணா. அன்னிக்கு... மேல போற எடத்துல சித்த எறங்கிருச்சுங்க. உங்களுக்குக் கேக்கலை."

"சிரிச்சாங்களே, அந்தப் பசங்க."

"ஆமாங்ணா."

பாலகோபால் உறை போட்ட நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். இயர்ஃபோன் அவர் கையில் இருந்தது. "பாலு சொன்னது நெசம். நீ அங்கயே உக்காந்திருந்தே" என்றார். கத்தியிருந்தால் அக்பர் அலி தாங்கியிருப்பார். அவர் கத்தவில்லை. அக்பர் அலிக்கு வெட்கம் தலையிலிருந்து கால்வரை இறங்கியது.

"தப்புதானுங்ணா. உங்க மனசு நோகுமேன்னு பாத்தேன். அவரு பொழப்பு போறத நின்னு பாத்துப்போட்டேன்."

பாலகோபால் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையில் டீக் கிளாஸோடு வந்தார். அதை நேராகக் கொண்டுபோய் பாலுசாமி கையில் கொடுத்தார். "தையில மொத கல்யாணம் தாராபுரம். வந்துரு" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை அந்த மனிதர் எந்த ரெக்கார்டிலும் கேட்டதில்லை போலும். பாலுசாமி டீயை வாங்கிக்கொண்டார். அக்பர் அலி பக்கம் மட்டும் இருவரும் திரும்பவில்லை.

ஆறரைக்குக் கச்சேரி தொடங்கியது. பாலகோபால் இயர்ஃபோனைப் பெட்டி மேலேயே வைத்துவிட்டு வெறுங்காதோடு பாடினார். முதல் இரண்டு பாட்டும் தாழ்ந்த பாட்டுகள், எப்படியோ ஓடிவிட்டன. மூன்றாவது, சூலூரில் காலை வாரிய அதே பாட்டு. இயர்ஃபோனை மாட்டச் சொல்லிக் கெஞ்சுகிற மாதிரி அக்பர் அலி பார்த்தார். பாலகோபால் அவர் பக்கம் திரும்பவில்லை. சரணத்தில் ஏறினார். பாதி வழியில் குரல் நின்றது, இறங்கியது. பழக்க தோஷத்தில் அக்பர் அலியின் வலது கை புல்லாங்குழலை வாசித்துக்கொண்டே இருந்தது, கேட்க ஆளில்லாமல். முன்வரிசையில் யாரோ பக்கத்து ஆளின் தொடையில் தட்டிச் சிரித்தார்கள்.

இந்தத் தடவை பாலகோபால் அதைப் பார்த்தார். பதிலுக்குச் சிரிக்கவில்லை. கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார். தாளம் அறுந்து நின்றது.

"ஒரு நிமிசமுங்க" என்றார் பாலகோபால் மைக்கில். "நாங்க ஒரு சின்ன மாத்தம் பண்ணிக்கறோம். தப்பு என்ற மேலதானுங்க, வாத்தியக்காரங்க மேல இல்லை."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். காலடிப் பெட்டியிலிருந்து பச்சை ஒயரைப் பிடுங்கினார். மேடை ஓரம்வரை அதை இழுத்துக்கொண்டு போய் பாலுசாமியிடம் நீட்டினார். "பாலு, இத உன்ற போர்டுல சொருகிக்கோ. நல்லா ஏத்தி வெய்யி. பதினாலு மாசமா நான் ஒருத்தனே கேட்டுப்போட்டேன், எல்லாரும் கேக்கட்டும்."

பிறகு கீபோர்டு பக்கம் வந்தார். மைக்கை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, அக்பர் அலியின் ஹெட்ஃபோனில் ஒரு பக்கத்தைத் தூக்கி, காதுக்குள் கேட்டார்.

"இதுல சுருதி எறக்கற பட்டன் எதுப்பா?"

அக்பர் அலி விரலால் காட்டினார். பாலகோபால் குனிந்து பார்த்து, தன் தடித்த ஆள்காட்டி விரலால் ஒருமுறை அழுத்தினார். அரைக்கட்டை. திரையில் எண் மாறியதைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்து, இன்னொரு முறை அழுத்தினார்.

"போதுமாடா?"

"போதுமுங்ணா."

"அப்ப மொதல்ல இருந்து வாரேன்" என்று சொல்லிவிட்டு மைக் முன்னால் போய் நின்றார்.

பாட்டு ஒரு கட்டை கீழே தொடங்கியது. சரணம் வந்தபோது புல்லாங்குழல் அவருக்கு முன்னால் ஏறி நின்றது, அவர் பின்னாலேயே ஏறிப்போய் அதனோடு சேர்ந்து நின்றார். முன்வரிசை திரும்பிக்கொண்டு கீபோர்டைப் பார்த்தது. தான் வாசித்தது எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்க, அக்பர் அலி ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றதால் கீகள் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் ஒரு ஸ்வரம்கூட அவர் தவறவிடவில்லை.